பீரோவுக்குள் ஒரு விசில்

குவைத், 12.3.2001

அன்புள்ள மைமூனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உன் முழங்கால் வலி தேவலையா? பிள்ளைகள் சுகமா? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

பெரியவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் பேசியதைப் பதிந்து நீ அனுப்பிய கேசட் கிடைத்தது. அதில் ஒரு வேடிக்கை. எல்லோருடைய பேச்சுக்கும் பின்னால் 'கீ' என்று மெல்லிய விசில் ஒன்று ஓயாமல் கேட்கிறது. என் அறையில் இருக்கும் செட்டிகுளத்து சாமிக்கண்ணு, "அண்ணே, நிறுத்துங்க. உள்ள என்னமோ இருக்கு" என்று எழுந்துபோய்விட்டான். வேறு டேப் ரெக்கார்டரில் போட்டேன், அதிலும் கேட்டது.

மாப்பிள்ளையின் அம்மா, "சின்னப்புள்ள எங்க, காணோம்?" என்கிறார். நீ, "தூங்குறா" என்கிறாய். அவர்கள் போன பிறகு, "அஸ்ரின்! அஸ்ரின்!" என்று கூப்பிடுகிறாய். பதிலுக்கு அந்த விசில்தான் வருகிறது. திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன்.

கடைசியில் பீரோ திறக்கும் சத்தம் வந்ததும் விசில் நின்றது; அப்புறம்தான் புரிந்தது. சம்பந்தம் தட்டிப்போகுமென்று பயந்து, நம் சின்னவள் அஸ்ரினின் காது மெஷினைக் கழற்றி, அணைக்காமல் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறாய். மூடி வைத்தால் அது அப்படித்தான் கத்தும். அன்று நம் வீட்டில் பேசியதையெல்லாம் பீரோ கேட்டிருக்கிறது, மைமூன். பிள்ளை கேட்கவில்லை.

ஊருக்கு வரும் மதாரிடம் மெஷினுக்குப் பேட்டரி செல் கொடுத்துவிட்டிருக்கிறேன். கம்பெனி பஸ் வந்துவிட்டது. அடுத்த கேசட்டில் முதலில் அஸ்ரின் பேசட்டும். இதில் அவள் குரல் ஓரிடத்தில்கூட இல்லை.

அப்துல் மஜீத்