பூண்டு இலையில் நிற்காத தண்ணி

நிஷாலினி அம்மாவுக்கு,

ஹாலிஎலயில அக்கா வீட்டுல சுகமா இருக்கியா? நீ போனை எடுக்காததால இதைப் பிள்ளைகிட்டக் கொடுத்தனுப்புறேன்.

நம்ம லயத்து வீட்டுக்குப் பின்னால நீ நட்ட வெள்ளப்பூண்டு சரியா வரல. நீ போனதுலேர்ந்து வாரம் தவறாம இலைக்கு உரத்தண்ணி அடிச்சேன். அப்படியும் இலை நுனியெல்லாம் பழுத்துப் போச்சு. போலி உரம் கொடுத்துட்டான்னு பண்டாரவளைக்குப் போய் கடைக்காரனோட சண்டை போட்டேன்.

நேத்து பிள்ளைதான் பார்த்துட்டுச் சொன்னா: "பூண்டு இலை வழுவழுன்னு இருக்கும்பா, அடிக்கிற தண்ணி நிக்காது. அம்மா துணி துவைக்கிற சவுக்காரத்தைக் கொஞ்சம் கரைச்சுத்தான் அடிப்பாங்க."

"உங்கம்மா அதை அன்னைக்கே ஏன் சொல்லல?"

"நீங்க எங்கப்பா அம்மாவைப் பேச விட்டீங்க?"

கட்டிச் சவுக்காரம் பாதியாயிருச்சு, உன் அக்கா வீட்டுக்குக் கடத்துறியான்னு கத்தி, லயமே பார்க்க உன்னை அடிச்சேனே. அந்தச் சவுக்காரம்.

இன்னைக்கு விடியக் காலையில கரைச்சு அடிச்சுப் பார்த்தேன். தண்ணி ஒரு சொட்டு வழியல, இலை முழுக்கப் படிஞ்சு நின்னுச்சு. வெயில் ஏறுற வரைக்கும் பாத்தி ஓரத்துலயே உக்காந்திருந்தேன். இனிமே அடிச்சுப் பூண்டு தேறுமான்னு தெரியல.

உன்னை வரச் சொல்லி எழுதல. அதுக்கு எனக்கு வாய் இல்ல. தெளிக்கிற டேங்கு ஒண்ணுக்கு எவ்வளவு சவுக்காரம்னு பிள்ளைக்கும் தெரியல. போனை எடுத்து அதை மட்டும் சொல்லு. இந்தத் தடவை குறுக்கப் பேசாம கேட்டுக்கிறேன்.

உன் பிள்ளையோட அப்பா