அவள் குரலின் மேல் என் குரல்

18.8.97, திங்கள்

பௌர்ணமி. கூடத்தில் பதினொரு பேர். கண்ணுசாமி வீட்டில் காதுகுத்து இல்லாதிருந்தால் இன்னும் நாலு பேர் வந்திருப்பார்கள்.

புத்தர் சொன்ன ஐந்து வகைக் கஞ்சத்தனம் பற்றிப் பேசினேன். இருக்கிற இடத்தில், வேண்டிய மனிதர்களில், வரும்படியில், புகழில், கடைசியாகத் தம்மத்தில் — அதாவது தெரிந்த நல்லதைப் பிறருக்குச் சொல்லாமல் வைத்துக்கொள்வது. சிங்கப்பூரில் இருந்த ஆறு வருஷமும் ஞாயிறு தவறாமல் விகாரைக்குப் போய், தமிழ் தெரிந்த இலங்கை பிக்கு ஒருவரிடம் கேட்டுக் கேட்டு எழுதிய நோட்டு என்னுடையது. அதைப் பார்த்து ஒரு மணி நேரம் பேசினேன். அம்சவல்லி தூங்கியே போனாள்.

முடிந்ததும் எல்லாரும் அடுக்களையில். என் ஓரகத்தி சாவித்திரி டீ போட்டுக்கொண்டிருந்தாள். "அக்கா என்னதான் சொன்னாங்க?" என்று எவளோ கேட்டாள். "நம்ம வயல்ல தண்ணி நெறஞ்சப்புறமும் மடையத் தொறக்காம வச்சிருந்தா கீழ் வயலுக்கும் இல்ல, நம்ம பயிரும் அழுகிப்போவும். அதான்" என்றாள் இவள். எல்லாருக்கும் புரிந்துவிட்டது. அம்சவல்லிக்குக்கூட.

எனக்கு ஒரு மணி நேரம், அவளுக்கு அரை நிமிஷம். எட்டாவது ஃபெயில். எல்லாமே அடுக்களைக் கதவோரம் நின்று கேட்டது. வயிறு எரிகிறது. எழுதினால் ஆறும் என்று எழுதுகிறேன். ஆறவில்லை.

21.8.97

சாவித்திரி கொடுத்தனுப்பிய வத்தக்குழம்பு நன்றாகத்தான் இருந்தது. சொல்லவில்லை.

2.9.97, செவ்வாய்

கொழுந்தனார் பரணிதரனிடமிருந்து கேசட் வந்திருக்கிறது. ஷார்ஜாவில் கட்டட வேலை. அவரும் சாவித்திரியும் கடிதம் எழுதுவதில்லை. கேசட்டில் பேசி, லீவில் வருகிறவர் போகிறவர் கையில் கொடுத்தனுப்புவார்கள். வந்ததை எனக்கும் போட்டுக் காட்டுவாள்.

"போன கேசட்டுல கடைசியா கோவத்தப் பத்திப் பேசுனல்ல, ரூம்ல எல்லாரும் நாலு தடவ போட்டுக் கேட்டாங்க. பக்கத்து ரூம்காரங்களும் வாங்கிட்டுப் போனாங்க. இன்னும் பேசி அனுப்பு. தெரியாதத அண்ணிகிட்ட கேட்டுக்க."

அண்ணிகிட்ட கேட்டுக்க! நான் என்ன டிக்‌ஷனரியா?

"அக்கா, ஒங்க நோட்ட ரெண்டு நாளைக்குத் தர்றீங்களா?" என்று கேட்டாள்.

"பைண்டிங்குக்குக் குடுத்திருக்கேன்" என்றேன். நோட்டு பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது.

5.9.97

பொய் சொல்லாதே என்பது நாலாவது சீலம். தம்மத்தில் கஞ்சம் என்பது ஐந்தாவது கஞ்சத்தனம். ஒரே வாக்கியத்தில் இரண்டிலும் விழுந்திருக்கிறேன். பிக்கு சொல்வார் — புத்தர் எதையும் கைக்குள் மூடி வைத்துக்கொண்டு போதிக்கவில்லை, அதனால்தான் நம் வரைக்கும் வந்து சேர்ந்தது, இதைவிடப் பெரிய தானம் கிடையாது என்று. அதையும் நானேதான் எழுதி, சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

கொடுக்க எனக்கு இஷ்டம்தான். நான் கொடுத்தது என்று தெரிய வேண்டும். அவ்வளவுதானே? அவ்வளவுதானா?

16.9.97

பௌர்ணமி. "இன்னிக்கு சாவித்திரி பேசட்டுமேக்கா" என்றாள் அம்சவல்லி. சாவித்திரி பதறிப்போய், "ஐயோ, அக்கா இருக்கும்போதா?" என்றாள். நான் சிரித்தேன். தாடை இன்னும் வலிக்கிறது.

24.9.97, புதன்

காலையில் சாவித்திரி கேசட்டோடு வந்தாள். எதிர்வீட்டு ஜன்னத் பீவியின் மருமகன் வெள்ளிக்கிழமை ஷார்ஜா கிளம்புகிறார்.

"நடவு ஆளுங்க வந்துட்டாங்க, வயலுக்குப் போவணும். நீங்க குடுத்துடுறீங்களாக்கா? இதுல பி பக்கம் ஒருத்தருக்காக—"

"சரி, வச்சுட்டுப் போ" என்றேன்.

மத்தியானம் போட்டுக் கேட்டேன். கேட்கக் கூடாதுதான். ஏ பக்கம் வீட்டு விஷயம். பி பக்கம் மைத்திரி தியானம் — எல்லா உயிரும் நலமாக இருக்க வேண்டும் என்று நினைப்பது. எடுத்த எடுப்பிலேயே தப்பு. "கண்ண மூடிக்குங்க. மொதல்ல ஒங்களப் பெத்தவங்கள நெனச்சுக்குங்க. இருந்தாலும் சரி, போய்ச் சேந்துட்டாலும் சரி. சோறு போட்ட அந்தக் கைய நெனச்சுக்குங்க. அவங்க நல்லாயிருக்கணும்னு சொல்லுங்க..."

தன்னிலிருந்து தொடங்க வேண்டும். 'நான் நலமாக இருக்க வேண்டும்.' பிறகு உயிரோடிருக்கும் பெரியவர் ஒருவர், பிறகு வேண்டியவர், அதற்குப் பிறகு வேண்டாதவர். இறந்தவரை வைத்துத் தொடங்கவே கூடாது என்பது விதி. பிக்கு மூன்று ஞாயிறு இதை மட்டுமே சொல்லிக்கொடுத்தார். இவள் பாட்டுக்கு இப்படிப் பேசி அனுப்பினால் இரண்டு ரூம் ஆண்பிள்ளைகள் தப்பாகக் கற்றுக்கொள்ள மாட்டார்களா?

இரண்டு நிமிஷத்துக்கு மேல் கேட்கவில்லை. ரீவைண்ட் செய்து, இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தி, வரிசைப்படி, பாலிச் சொற்களோடு அரை மணி நேரம் நானே பேசினேன். அவள் குரலின் மேல்.

திருத்தம்தான். தம்மத்துக்காகத்தான். சாயங்காலம் ஜன்னத் பீவியிடம் கொடுத்துவிட்டேன்.

27.9.97

"குடுத்துட்டீங்களாக்கா?" என்றாள். குடுத்துட்டேன் என்றேன். இது பொய் இல்லை.

12.10.97, ஞாயிறு

பதில் கேசட். இரண்டு பேரும் உட்கார்ந்து கேட்டோம். பரணிதரன் குரலே சரியில்லை.

"ரெஜினுக்குன்னு பேசி அனுப்புறேன்னு போன்ல சொன்னியே சாவித்திரி, அவரு அதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தாரு. போட்டா அண்ணி பாடம் எடுக்குறாங்க. 'நான் நலமாக இருக்க வேண்டும்'னு சொல்லச் சொல்றாங்க. 'எங்கம்மாவ மண்ணுல வைக்கக்கூட நான் போவல, நான் நல்லாயிருக்கணுமா'ன்னுட்டு எழுந்து போயிட்டாரு. அதுலேர்ந்து யாருகிட்டயும் பேச்சில்ல. சோறும் சரியா எறங்கல."

ரெஜின் யார் என்பதே சாவித்திரி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. வேளாங்கண்ணிப் பக்கம், கொழுந்தனாரோடு ஒரே ரூம். செப்டம்பரில் அம்மா இறந்தபோது கம்பெனி பாஸ்போர்ட்டைக் கொடுக்கவில்லை. அன்றைக்கே சொல்லத்தான் வந்தாள். 'ஒருத்தருக்காக' என்றாளே.

டேப்பை நிறுத்தினாள். தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "என்னுது தப்பா இருந்துச்சாக்கா?"

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

13.10.97

என்ன காரியம் பண்ணிட்டே பிரகதா. தாயப் பறிகொடுத்துட்டு நிக்கிற மனுஷன்கிட்ட போய் வரிசை சொல்லிக் குடுத்திருக்கியே. பெரிய வரிசை! அவ அவருக்காகப் பேசினா. நீ யாருக்காகப் பேசின? அவ வாய அடைக்கத்தானே?

14.10.97

அவள் வீட்டுக்குப் போனேன். நின்றுகொண்டே சொன்னேன். "தப்புன்னு திருத்தல சாவித்திரி. பொறாம. எல்லாரும் உன்னையே கேக்குறாங்கன்னு பொறாம. நோட்டும் பைண்டிங்குக்குப் போவல."

"எம்மேலயா?" என்றாள். நிஜமாகவே அவளுக்கு விளங்கவில்லை. விளங்கியபோது முகம் சிவந்துவிட்டது. "அப்டின்னா எங்கிட்டல்ல சண்ட போட்டிருக்கணும்? அந்த மனுஷன் ஒங்கள என்னக்கா பண்ணாரு?"

உள்ளே போய்விட்டாள். நோட்டை அவள் தையல் மிஷின் மேல் வைத்துவிட்டு வந்தேன்.

16.10.97, வியாழன்

பௌர்ணமி. இன்றைக்குக் கூட்டம் இல்லையென்று சொல்லியனுப்பிவிட்டேன். பேச எனக்கு என்ன யோக்கியதை?

பத்து மணிக்கு சாவித்திரி டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கோபம் போகவில்லை, என்னைப் பார்க்காமல்தான் பேசினாள். "நாளைக்கு ஒருத்தர் கெளம்புறாரு. மூணு தடவ பேசிப் பாத்துட்டேன், வரல. அன்னிக்கு எப்டி ஆரம்பிச்சேன்னே தெரியல."

எனக்குத் தெரியும். குற்றம் கண்டுபிடிக்கக் கேட்டவள் ஆயிற்றே, ஒரு எழுத்து விடாமல் மனசில் நிற்கிறது. அவளைப் பட்டனை அழுத்தச் சொல்லிவிட்டு மைக்குக்குப் பக்கத்தில் குனிந்து சொன்னேன். "கண்ண மூடிக்குங்க. மொதல்ல ஒங்களப் பெத்தவங்கள நெனச்சுக்குங்க. இருந்தாலும் சரி, போய்ச் சேந்துட்டாலும் சரி. சோறு போட்ட அந்தக் கைய..."

அதோடு நிறுத்தி, டேப் ரிக்கார்டரை அவள் பக்கம் தள்ளிவிட்டேன். என்னைப் பெற்றவர்களும் போய்ச் சேர்ந்தவர்கள்தான். இத்தனை வருஷத் தியானத்தில் ஒரு நாளும் அவர்களைச் சேர்த்துக்கொண்டதில்லை. விதி.

விட்ட இடத்திலிருந்து சாவித்திரி எடுத்துக்கொண்டாள். "கடைசியாப் பாக்கலன்னு அழுவுறீங்க ரெஜினு. அவங்க கண்ணுக்குள்ள ஒங்கள வச்சுக்கிட்டுத்தான் போயிருப்பாங்க..." அரை மணி நேரம். அவள் சொன்ன மாதிரி ஒரு வரி என் நோட்டில் கிடையாது. ஆனால் அதில் இருப்பதைத்தான் சொன்னாள். முதல் தடவையாக, குற்றம் பார்க்காமல் கேட்டேன்.

19.10.97

மழை. சாவித்திரி இன்னும் சரியாகப் பேசவில்லை. பேச வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமையில்லை.

30.11.97, ஞாயிறு

கேசட் வந்தது. சாவித்திரி கூப்பிட்டனுப்பினாள், "அக்காவ வரச் சொல்லு, வந்தாத்தான் போடுவேன்" என்று.

ஏ பக்கம் முழுக்க ரெஜின். குரலை இப்போதுதான் கேட்கிறேன். "சாப்புடுறேன் சாவித்திரி அக்கா. எங்கம்மாவ நெனச்சுத்தான் ஆரம்பிக்கிறேன். பக்கத்து ரூம்ல சிலோன்காரரு ஒருத்தரு, சிங்களம் பேசுறவரு. அவருக்கும் ஊர்ல சாவு. எனக்குத் தெரிஞ்ச இந்தியில அவருக்குச் சொல்லிக் குடுத்தேன். யாரையும் நெனைக்க வரலன்னாரு. சரி, நமக்கு டெய்லி கொழம்பு ஊத்துறாரே மெஸ்காரரு, அவர்லேர்ந்து ஆரம்பிங்கன்னேன்."

இலங்கைக்காரர் எனக்குச் சொன்னது, சாவித்திரி வழியாக, ஒரு மாதா கோயில்காரர் வாயால், ஷார்ஜாவில் இன்னொரு இலங்கைக்காரருக்கே போயிருக்கிறது. பிக்கு கேட்டால் எவ்வளவு சந்தோஷப்படுவார்.

என் பெயரை ரெஜின் ஒரு இடத்திலும் சொல்லவில்லை. 'சாவித்திரி அக்கா' ஒன்பது தடவை. எண்ணினேன். குத்தியது. இல்லை என்று எழுதினால் பொய்.

சாவித்திரி டேப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"மெஸ்காரர்லேர்ந்தாம். வரிச தப்புதானேக்கா?"

"தப்புதான்" என்றேன். "பட்டன அமுக்கு. அவரு பேசட்டும்."