மாடி ஜன்னலுக்கு எதிரே பிளாட்பாரம்

பாப்பு,

நீ அங்கே சௌக்கியமாக இருக்க வேண்டும், என் சௌக்கியத்தை மட்டும் இந்தத் தடவை கேட்காதே. அப்பா போன சேதியைச் சொன்ன அன்றைக்கு நீ போனில் அழுததில் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டேன். கடிதம் என்றால் நீ குறுக்கே அழ முடியாது.

மோனோரயில் ஸ்டேஷன் கட்டி முடித்தார்களே, நம் மாடி அறை ஜன்னலுக்கு நேர் எதிரே பிளாட்பாரம், இங்கே தும்மினால் அங்கே நிற்கிறவர்கள் திரும்புவார்கள். கீழே வெயிலே விழுவதில்லை, துணி காய மாட்டேன் என்கிறது. தெருவே திட்டியது, உன் அப்பா ஒருவருக்குத்தான் சந்தோஷம். ஸ்டேஷன் வந்தால் வாசலிலேயே வந்து இறங்குவேன் என்று நீ சொன்னாய் அல்லவா, அதைப் பிடித்துக்கொண்டார். காலையில் நாற்காலியை ஜன்னலோரம் போட்டால் சாப்பாடும் அங்கேதான். தையல்காரர் கீழேயிருந்து, என்ன சார், ஸ்டேஷன் மாஸ்டர் லீவா, டூட்டி உங்களுக்கா என்று கத்துவார், இவரும் சிரிப்பார். நீ முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு போட்டோ அனுப்பினாயே, அதில் பிடித்தது வினை. பின்னாலிருந்து பார்த்தால் உன்னை அடையாளம் தெரியாதே என்று, பை மாட்டிய எந்தப் பெண் இறங்கினாலும் எழுந்து நின்று, அவள் முகம் திரும்புகிற வரைக்கும் பார்ப்பார்.

ஒரு நாள் ஸ்டேஷன் செக்யூரிட்டி வீட்டுக்கே வந்துவிட்டான். பொம்பளைங்கள முறைச்சு முறைச்சுப் பாக்கறீங்களாமே, கம்ப்ளெயின்ட் வந்திருக்கு, இந்த வயசுல இதெல்லாம் தேவையா பெருசு என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னான். என் பொண்ணு வர்றாளான்னுதாம்பா பாத்தேன் என்றார் இவர். எந்த வண்டிக்கு வர்றாங்க என்று கேட்டான். இவர் என்னைப் பார்த்தார், எனக்கு மட்டும் தெரியுமா. தையல்காரர் அன்றோடு கூப்பிடுவதை விட்டார். அடுத்த வாரமே பிளாட்பாரத்தில் நம் வீட்டுப் பக்கம் முழுக்கத் தகரம் அடித்து மறைத்துவிட்டார்கள். அப்புறமும் இவர் நாற்காலியை நகர்த்தவில்லை, வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து தகரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். உன்னிடம் சொல்லக் கூடாது, அவ மனசு கஷ்டப்படும் என்று என் வாயை அடைத்தார். அந்த நாற்காலியில்தான் உயிர் போனது. டாக்டர் இதயம் என்றார், சொல்லிவிட்டுப் போகட்டும்.

நீ குறை ஒன்றும் இல்லாமல் நன்றாக இரு, நான் சபிக்கிறவள் இல்லை. வேளைக்குச் சாப்பிடு. எப்போதாவது வந்தால் இடது பக்கப் படியில் இறங்கு, வலது பக்கம் இறங்கினால் தூணையெல்லாம் சுற்றிக்கொண்டு வரவேண்டும்.

உன் அம்மா

கையெழுத்துப் போட்டும் மனசு ஆறவில்லை. அத்தனை நாள் எழுந்து எழுந்து பார்த்தாரே, அதில் ஒரு வண்டியிலாவது நீ ஏறி வருவதாக இருந்தாயா பாப்பு?