அச்சு விலகிய நாலணா

12.3.1974, செவ்வாய்

வில்லியனூர் பழங்காசுக் கடைக்காரன் திருடன். நடவுக் கூலியில் வந்த ஒரு நாலணாவை எந்தக் கடையிலும் வாங்க மறுத்ததால், பக்கத்து வீட்டு அஞ்சலையக்கா போன வாரம் அவனிடம் கொண்டுபோனாள். "எவனோ சுத்தியால அடிச்சிருக்கான், வீணாப்போன காசு" என்று சொல்லிப் பத்துக் காசு கொடுத்திருக்கிறான். இன்று கண்ணாடிப் பெட்டியில் அப்படி ஒரு காசு, "அச்சுப் பிழை, ரூ. 20" என்ற சீட்டோடு இருந்தது. அக்காவை அழைத்துக்கொண்டு போனேன்.

"அதான்பா. சிங்கம் ஓரத்துல போயி குந்திக்கினு கீது பாரு."

காசை வாங்கி, காசு சேர்க்கிற பழக்கத்தில் கையோடு வைத்திருக்கும் லென்ஸில் பார்த்தேன். சுத்தியால் அடித்திருந்தால் எழுத்து நசுங்கியிருக்கும். இதில் எழுத்தெல்லாம் கூர்மையாக இருக்கிறது. ஓரத்து வெற்றிடம் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில், ஒரு கீறல்கூட இல்லாமல் வழவழப்பாக இருக்கிறது. அச்சடிக்கும்போதே விலகிய காசு. எனக்குச் சந்தேகமே இல்லை. அவனுக்கும் இல்லை, சீட்டு எழுதியதே அவன்தான்.

காசைப் பிடுங்கிப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு, "வித்தது வித்ததுதான் தம்பி" என்றான்.

"பொய் சொல்லி வாங்கினதுக்குப் பேரு வியாபாரமா? இந்தா உன் பத்துக் காசு. அவங்க காச எடுத்து அவங்க கையில குடு."

அவன் எனக்குப் பின்னால் நின்ற இன்னொரு வாடிக்கையாளரைப் பார்த்து, "உனக்கு இன்னாபா வேணும்?" என்று கேட்டான்.