மேல் பொத்தான்

மார்ச் 6

மாவுக்கட்டைப் பிரித்தார்கள். உள்ளிருந்து வந்தது என் வலது கை போலவே இல்லை. மெலிந்து, தோல் உரிந்து, மணிக்கட்டு மடங்க மறுக்கிறது. சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினேன்.

மாலையில் மிரேய் மொந்த்ரியாலிலிருந்து பேசினாள். மகளுக்குப் பழைய பல்லவிதான்: ஸஹ்லே ஊரில் அத்தனை பெரிய வீட்டில் அம்மா மட்டும் எதற்கு? கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். ஆக்குபேஷனல் தெரபி படிக்கும் மாணவி ஒருத்தியை மருத்துவமனை வீட்டுக்கு அனுப்பும். அன்றாட வேலைகளைக் கைக்குத் திரும்பப் பழக்குவாள், கடைசியில் அறிக்கை எழுதுவாள். தனியாக வாழ முடியும் என்று எழுதினால் இங்கேயே இருப்பேன். இல்லையென்றால் வீட்டைப் பூட்டிவிட்டு விமானம் ஏறுவேன். வாக்குக் கொடுத்துவிட்டேன். நான் கொடுத்த வாக்கை மீறுகிறவள் அல்ல.

அதே படிப்பை அவள் அம்மா படித்தவள் என்பது மிரேய்க்கு மறந்தே போயிற்று. வருகிற பெண்ணிடமும் சொல்லப்போவதில்லை. பரீட்சை எழுதுகிறவள் தன் பெருமையை விடைத்தாளிலா எழுதுவது?

மார்ச் 9

வந்தாள். பெயர் ஜுமானா, பால்பெக் பக்கம். தலைத்துணி ஒழுங்காகக் கட்டியிருந்தாள். காலணியைத் துடைத்துவிட்டு உள்ளே வந்தாள். அதுவரை குறையில்லை. பிறகு வாயைத் திறந்தாள்.

"எப்படி இருக்கீங்க, ஹஜ்ஜே?"

நான் மக்காவுக்குப் போனதில்லை, கன்னியர் மடத்துப் பள்ளிக்குத்தான் போயிருக்கிறேன் என்றேன். காதுவரை சிவந்து போய் "தாந்த்" என்று மாற்றிக்கொண்டாள். சரி, அத்தை முறை பொறுத்துக்கொள்ளக்கூடியதுதான்.

மணிக்கட்டு எவ்வளவு மடங்குகிறது என்று அளந்தாள். கோணமானி இப்போது பிளாஸ்டிக்கில் வருகிறது. எங்களுடையது எஃகு, குளிர்காலத்தில் அதைத் தோலில் வைத்ததும் நோயாளிகள் சபிப்பார்கள். இவள் குனிந்து எண்ணைத் தேடிக்கொண்டிருந்தபோது, தலைகீழாகவே படித்து நான் சொல்லிவிட்டேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன். நிமிர்ந்து பார்த்துவிட்டு எண்ணைக் குறித்துக்கொண்டாள்.

மார்ச் 14

விரல் பயிற்சிக்காக ஒரு பலகை கொண்டுவந்தாள், வண்ண வண்ணப் பொத்தான்களோடு. மழலையர் வகுப்புச் சாமான். மறுத்துவிட்டு அலமாரியிலிருந்து, மறைந்த என் கணவர் நஸ்ரியின் வெள்ளைச் சட்டையை எடுத்து வந்தேன். நாற்காலி முதுகில் மாட்டி, கீழிருந்து தொடங்கினேன். நெஞ்சுவரை ஏறியது. கழுத்துப் பொத்தானில் விரல்கள் நின்றுவிட்டன.

அப்புறம் பாடம். தண்ணீர் பாட்டிலை நெஞ்சோடு பிடிக்கச் சொன்னாள், பிறகு கையை நீட்டிப் பிடிக்கச் சொன்னாள். தோள் கடுத்தது. "பாட்டில் அதே பாட்டில்தான், தாந்த். உடம்பை விட்டுத் தள்ளிப் போகப் போகக் கனம் கூடும்."

பெய்ரூட்டில், 1966இல், எங்கள் ஆசிரியை மத்மவசேல் ரூ இதையே துடைப்பத்தால் காட்டினார். ஜன்னல் வழியே கடல் தெரியும் வகுப்பறை. உப்புக் காற்று, புதுச் சுண்ணாம்பு வாசனை, ஆறு பெண்கள், ஆறு துடைப்பங்கள். எடை மாறுவதில்லை பெண்களே, தூரம்தான் மாறுகிறது என்பார். அன்று இயந்திரவியல் என்றுதான் நினைத்தேன். மகளை விமானமேற்றிவிட்டுத் திரும்பிய அன்று அதன் பொருள் வேறாகிவிட்டது.

மார்ச் 20

இன்று சோதனை. தினமும் செய்யும் ஒரு வேலையைச் செய்துகாட்ட வேண்டும், அவள் சும்மா பார்த்துக்கொண்டிருப்பாள் என்றாள். காபி என்றேன். வேறென்ன? நீளப் பிடி வைத்த ரக்வேப் பாத்திரத்தில் மூன்று தடவை பொங்கவிட்டு, ஏலக்காய் போட்டு, இரண்டு கோப்பைகளில் ஊற்றினேன். ஒரு துளி சிந்தவில்லை. தட்டைத் தூக்கி அடுப்படி வாசல்கூடத் தாண்டவில்லை, கூடத்திலிருந்து ஓடி வந்து பிடுங்கிக்கொண்டாள்.

"ஐயோ, நான் உக்காந்திருக்க நீங்க தூக்கிட்டு வர்றதா? எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா செருப்பு பிஞ்சிடும், தாந்த்!"

என்ன எழுதுவாள் இப்போது? பிறர் உதவியோடு செய்தார் என்று. வேறென்ன எழுத முடியும்? அடி பெண்ணே, உன்னை யாருடி உதவச் சொன்னது! — வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன். சோதனை செய்கிறவளுக்குச் சோதனையை எப்படி நடத்துவது என்று நான் சொல்லிக்கொடுத்தால், அந்தத் தேர்ச்சிக்கு என்ன மதிப்பு?

மார்ச் 21

தூக்கம் வரவில்லை. நஸ்ரி நினைவு.

அவர் அப்போது நோயாளி. திராட்சை பிழியும் இயந்திரத்தில் விரல்கள் நசுங்கி, ஆறி, விறைத்துப் போயிருந்தன. சட்டை போடப் பழக்குவது என் பொறுப்பு. நோயாளி தடுமாறும்போது காத்திரு, உன் கை துறுதுறுத்தால் அதன்மேல் உட்கார்: இது மத்மவசேல் ரூவின் முதல் விதி. நஸ்ரி கழுத்துப் பொத்தானோடு போராடினார். வியர்த்தது. உதட்டைக் கடித்தார். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை, எழுந்து போட்டுவிட்டேன். கல்யாணமாகாத நானும் அவருக்கு மத்மவசேல்தான்.

"போட்டுட்டீங்க. சரி, மத்மவசேல். நாளைக்குக் காலையில யாரு போடுவா? வீட்டுக்கு வருவீங்களா?"

வார்டே சிரித்தது. மத்மவசேல் ரூ சிரிக்கவில்லை. அந்தப் பாடத்தில் எனக்குத் தோல்வி.

போனேனே, வீட்டுக்கு! விரல்கள் நன்றாகத் தேறிவிட்டன. வீணை போன்ற ஊத் வாத்தியத்துக்குத் தந்தி மாற்றும் அளவுக்குத் தேறின. ஆனாலும் காலைதோறும் மேல் பொத்தானைத் திறந்துவிட்டு, மோவாயைத் தூக்கி, என் முன்னால் வந்து நிற்பார். "கை வரமாட்டேங்குது, மத்மவசேல்."

மார்ச் 28

ஜுமானா மறுபடியும் எழுந்தாள். மறுபடியும் தட்டைப் பிடுங்கினாள். நல்ல வளர்ப்புதான் என்னை மொந்த்ரியாலுக்கு அனுப்பப்போகிறது.

மார்ச் 30

யாரும் இல்லாதபோது தட்டைத் தூக்கிப் பார்த்தேன். மடத்துப் பள்ளிக் கன்னியாஸ்திரி ஸேர் கொலெத் பழக்கியபடி: முதுகு நேராக, முழங்கைகள் விலாவைத் தொடாமல், தட்டு உடம்பிலிருந்து தள்ளி, கோப்பை ஓசையிடாமல். கூடம்வரை போகவில்லை. மணிக்கட்டு கைவிட்டது. திருமணத்துக்கு வந்த செட்டில் ஒரு கோப்பை போயிற்று.

ஆக, அந்தப் பெண்ணின் மரியாதை மட்டும் காரணம் இல்லை. அவள் பிடுங்காமல் இருந்திருந்தாலும்... என்னால் முடியாதோ?

துண்டுகளைப் பெருக்கினேன். துடைப்பம் கையில் இருந்தது. கையை நீட்டிப் பிடித்தேன், பிறகு நெஞ்சோடு பிடித்தேன். கிழவி, உனக்குத் தெரிந்த பாடம்தானே!

ஏப்ரல் 4

கடைசிச் சோதனை. ஜுமானா வந்ததும் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தாள், இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு. நான் அடுப்படிக்குப் போனேன்.

தட்டை விலாவோடு அணைத்துக்கொண்டேன், முழங்கைகள் இடுப்பில் ஒட்ட, ரொட்டி மாவை அடுப்புக்குச் சுமந்து போகும் பெண்களைப் போல. ஸேர் கொலெத் பார்த்திருந்தால் முட்டி போட வைத்திருப்பார். கூடத்துப் படியில் தட்டு சாய்ந்தது. காபி சாஸரில் வழிந்தது. அந்தப் பெண்ணின் முழங்கால் எழுந்தது, பின் அமர்ந்தது. உதடுகள் ஏதோ ஓதின. கை மட்டும் வெளியே வரவில்லை. நின்றேன். மூச்சு விட்டேன். மேசைவரை நானே கொண்டுபோய் வைத்தேன்.

"காபி கொட்டினா நல்ல சகுனம், தாந்த்."

"சகுனம் இருக்கட்டும். கொட்டினதை எழுதிக்கோ."

"எழுதுவேன். நீங்களே கொண்டுவந்தீங்கன்னும் எழுதுவேன்."

போன தடவை தட்டைத் தூக்கியது யார், அந்த அம்மாவா நீயா என்று இவளுடைய ஆசிரியை கேட்டாராம். நான்தான் என்று ஒப்புக்கொண்டாளாம். கையை அடக்க முடியாவிட்டால் அதன்மேல் உட்கார் என்றாராம். நான் சிரித்த சிரிப்பில் பயந்துபோனாள். அதற்குமேல் மறைத்து என்ன? எல்லாவற்றையும் சொன்னேன். முதல் நாளே சந்தேகப்பட்டாளாம், கோணத்தைத் தலைகீழாகப் படித்தபோது.

"அப்ப நீங்க பெயிலா, தாந்த்?"

"பெயில்தான். கல்யாணமும் ஆச்சு."

காபி ஆறிவிட்டது, மறுபடி போட்டேன். அவள் உட்கார்ந்தே இருந்தாள்.

ஏப்ரல் 11

தனியாக வாழ முடியும் என்ற அறிக்கையை மிரேய் இரண்டு முறை படித்தாளாம். வாக்கு வாக்குதான் அம்மா என்றாள்.  கோடையில் பிள்ளைகளோடு வருகிறாளாம். பச்சை வாதுமை இருக்குமா என்று கேட்டாள். அதற்குள் முற்றிவிடும், ஈசல்போல அது சில நாள்தான் என்றேன். உப்பிலிட்டு வைக்கிறேன் என்றும் சொன்னேன்.

மே 2

காலை வெயில் கூடத்தில். நஸ்ரியின் சட்டை நாற்காலி முதுகில். கீழிருந்து ஒவ்வொன்றாக ஏறினேன். கழுத்துப் பொத்தான் வழுக்கியது, திரும்ப வழுக்கியது, பிறகு காஜாவுக்குள் போய்விட்டது. யாரும் எழுந்து வரவில்லை.

தள்ளி நின்று பார்த்தேன். கழுத்துவரை மூடிய சட்டை, யாரோ அந்நியருடையது போல இருந்தது.

மேல் பொத்தானை மட்டும் கழற்றிவிட்டேன்.