பிரசிடெண்டை நீ கேட்டது தப்பில்லை, அம்மா

நெற்றியில் புறங்கை வைத்தே காய்ச்சலின் அளவைச் சொல்லிவிடும் என் அம்மாவுக்கு,

அப்பா தூங்கிவிட்டார். அடுப்பங்கரையில் உட்கார்ந்து நோட்டின் கடைசித் தாள்களில் எழுதுகிறேன். வெளிச்சம் வெளியே தெரியாமல் இருக்க முறத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன். அவர் புரண்டு படுக்கும்போதெல்லாம் என் கை நின்றுவிடுகிறது.

காய்ச்சலில் நீ போய் நான்கு மாதம் ஆகிறது. செவலை மாடு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. ஜப்பான்காரனோடு நடக்கும் சண்டை இன்னும் முடியவில்லை. நாளைக் காலை தாசில்தார் நம் ஊர்ச் சாவடிக்கு வருகிறார். ராகிக் குழியில் நடந்ததை நீ சொல்லச் சொல்ல நான் எழுதினேனே, அந்த மனு அவர் கைக்குப் போய்விட்டது. எழுதியவளைக் கூப்பிட்டு விசாரிப்பார்களாம். "காய்ச்சல்ல அம்மா ஒளறுனத எழுதிப்புட்டேங்க" என்று நான் சொல்ல வேண்டுமாம்.

அப்படிச் சொல்லச் சொன்னவர் அப்பாதான். "தே பாரு புள்ள, செத்தவளுக்கு இனிமே ஒண்ணும் ஆவப் போறதில்ல. நாம இந்த ஊர்லதான் பொழைக்கணும்" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

நாளைக்குக் குழறிவிடாமல் இருக்க, அன்று நடந்ததை ஒரு முறை உன்னிடமே சொல்லிப் பார்க்கிறேன்.

பட்டாளத்துக்கு ராகி வேண்டும் என்று உத்தரவு வந்தது மேலே இருந்து. அதை எப்படி எடுப்பது என்று முடிவு செய்தவர் நம் பஞ்சாயத்து போர்டு பிரசிடெண்டு. ஊரில் மண்ணுக்கடியில் ராகி கொட்டி மூடி வைத்திருக்கும் குழிகளையெல்லாம் ஒரே நாளில் திறந்து, பொழுது சாய்வதற்குள் மொரப்பூர் ஸ்டேஷனுக்கு வண்டி கட்டிவிட வேண்டும் என்றார். மற்ற ஊர் மூட்டைகளுக்கு முன்னால் நம் ஊர் மூட்டை ரயில் ஏற வேண்டுமாம்.

வருஷக்கணக்கில் மூடிக் கிடந்த குழியைத் திறந்தால், ஒரு பகலும் ஒரு இரவும் அப்படியே விடுவோம். பிறகு விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்குவோம். விளக்கு அணைந்தால் ஆள் இறங்கக் கூடாது, உள்ளே விஷக் காற்று இருக்கிறது என்று அர்த்தம். இது இங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும். அவருக்குத் தெரியாதா?

நம் குழியின் மூடுகல்லை நகர்த்தியபோது நான்தான் விளக்கோடு நின்றேன். "மண்ணெண்ண கெடைக்காத காலத்துல பட்டப்பகல்ல என்னாத்துக்கு வெளக்கு? அணை பாப்பா" என்றார் பிரசிடெண்டு. அணைத்தேன். என் வாயால் ஊதித்தான் அணைத்தேன், அம்மா.

நீ முதலில் மெதுவாகத்தான் சொன்னாய். "ஒரு பொழுது ஆறட்டுங்க. நாளைக்கு எறங்கலாங்க."

வண்டிக்காரர் ஒருவர், "ஆற வெக்கறதுக்கு இது என்ன களியாக்கா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பிரசிடெண்டும் சிரித்தார். நம் ஏர் ஓட்டும் சின்னான் அண்ணனும் சிரித்தார். நீ மறுபடியும் சொன்னாய். பிரசிடெண்டு கடிகாரத்தைப் பார்த்தார். சின்னான் அண்ணன் கூடையோடு இறங்கினார்.

கூடை மேலே வரவில்லை. கூப்பிட்டோம், பதிலும் இல்லை. கொக்கிக் கயிறு போட்டு அவரை வெளியே இழுத்துக் கிடத்தியபோது முகமெல்லாம் ராகி ஒட்டியிருந்தது. மூச்சு இல்லை.

அப்போதுதான் நீ அந்தக் குரலில் பேசினாய். "வெளக்க அணைக்கச் சொன்னது உங்க வாய்தானே? பட்டாளத்துல இருக்கற உங்க மவன் மட்டுந்தான் தாய் பெத்த புள்ளையா? இவன் மண்ணுல மொளச்சானா? சண்டை எங்கியோ நடக்குதுன்னு இருந்தோம். ஊருக்குள்ளயே இட்டாந்துட்டீங்களே!"

"சண்டை நேரத்துல தலைவனப் பாத்துப் பேசற பேச்சா இது? ஜப்பான்காரன் கேட்டா சிரிப்பான்" என்றார் அவர்.

"அவன் சிரிக்கறதுக்கு முந்தி நீங்க எல்லாருந்தான் சிரிச்சு முடிச்சீங்களே!"

பக்கத்து வீட்டு ராமக்கா இன்றுகூடச் சொன்னாள்: "உங்கம்மா சொன்னது நெசந்தான் கண்ணு. ஆனா கொஞ்சம் தணிவாச் சொல்லியிருக்கலாம்." தணிவாகச் சொன்னபோது உனக்குக் கிடைத்தது சிரிப்புத்தானே? நீ உரக்கக் கேட்ட பிறகுதான் மீதிக் குழிகளை மறுநாள் வரை யாரும் தொடவில்லை. ஒவ்வொன்றிலும் விளக்கு இறங்கியது. மேலக்காட்டுக் குழியில் இரண்டு முறை அணைந்ததாம். அதில் இறங்க நின்றவர் ராமக்காவின் வீட்டுக்காரர். அவளிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போன வாரம் பிரசிடெண்டு நம் வீட்டுக்கு வந்தார். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். கொடுத்த பிறகு குடிக்க மறந்துவிட்டார். பர்மாப் பக்கம் போன மகனிடமிருந்து எட்டு மாதமாகக் கடிதம் இல்லை. "ஒவ்வொரு மூட்டையும் அவன் வாய்க்கே போவுதுன்னு நெனச்சேன் பாப்பா. அவசரப்பட்டுட்டேன். விசாரணையில கேட்டாங்கன்னா கொஞ்சம் பாத்துச் சொல்லும்மா" என்றார். கண் கலங்கியிருந்தது. அவர் மிரட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அவர் பொல்லாதவர் இல்லை. நீயும் அப்படிச் சொல்லவில்லையே? அவர் எடுத்த முடிவைத்தானே கேட்டாய்? நல்ல மனுஷர் எடுத்த முடிவு என்பதற்காகச் சின்னான் அண்ணன் எழுந்து வந்துவிடுவாரா?

அடுத்த அறுவடைக்குப் பிறகு மறுபடியும் மூட்டை கேட்பார்களாம். உன் பேச்சை உளறல் என்று நானே சொல்லிவிட்டால், அன்றைக்குக் குழியோரம் நின்று "பொறுங்க" என்று சொல்பவளின் பேச்சும் உளறலாகிவிடாதா?

பயமாக இருக்கிறது, அம்மா. அப்பா அடிப்பாரா, பள்ளிக்கூடத்தை நிறுத்திவிடுவாரா, தெரியவில்லை. அவரும் பாவம். எங்களை வைத்துக்கொண்டு வேறெங்கே போவார்?

நாளைக்கு நான் சொல்லப்போவது இதுதான். மனு என் கையெழுத்து. வார்த்தை என் அம்மாவுடையது. சொன்ன அன்று அவளுக்குக் காய்ச்சல் இல்லை. விளக்கை ஊதியவள் நான், ஊதச் சொன்னவர் பிரசிடெண்டு. மகனை நினைத்து அவர் கலங்கியதையும் சேர்த்தே சொல்வேன், அதுவும் நடந்ததுதானே. என் குரல் நடுங்கும். அழுதாலும் அழுதுவிடுவேன். ஆனால் சொல்லி முடிக்கும் வரை உட்கார மாட்டேன், அம்மா. இது சத்தியம்.

உன் வாய்ச் சொல்லை எழுதியவள்,
உன் மூத்த மகள்
காவேரி