முயலகனும் நானும்

டிசம்பர் 12, வெள்ளிக்கிழமை

நத்தார்ப் பண்டிகை வரை சாராயம் தொடமாட்டேன் என்று மனிசிக்குச் சத்தியம் செய்து இன்று பத்தாம் நாள்.

கப்பலில் வந்த வெண்கல நடராசரை ஜிந்துப்பிட்டிக் கோயிலில் இறக்கினோம். பெட்டியைத் திறந்தால், சாமியின் காலடியில் ஒரு குள்ளன் பாம்போடு விளையாடிக்கொண்டு கிடக்கிறான். கூட வேலை செய்யும் கந்தையாவைச் சீண்டினேன்.

"எங்கட மிக்கேல் சம்மனசு பிசாசை ஈட்டியால குத்துறார். உங்கட ஆள் ஏன் இவனைக் கொல்லேல்ல?"

"அவன் முயலகன், அந்தோனி. எங்கட அறியாமை. சாகமாட்டான், அமத்தித்தான் வச்சிருக்கலாம்."

"எந்த நேரமும் மிதிச்சா கால் உளையாதோ?"

"அதுக்குத்தான் ஆடுறார்."

சிரித்துவிட்டு வந்தேன். ஆனால் வழியில் சாராயத் தவறணை வாசல் வந்ததும் அந்தக் குள்ளன்தான் நினைவுக்கு வந்தான். ஒரு கூத்துப்பாட்டை முணுமுணுத்துத் தாளத்துக்குக் கால் வைத்துக் கடந்துவிட்டேன்.

வீட்டில் மனிசி என் வாயை மோந்து பார்த்தாள்.

"ஆள் சாகேல்ல, காலுக்குக் கீழதான் கிடக்கிறான்" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை.

இன்னும் பதின்மூன்று நாள் ஆட வேண்டும்.